வாறன், சேர்

"சந்தோசம் சேர். ஓம்... ஓம். அப்ப நான் வாறன்."

கதவிடுக்கால் அது காதில் விழுந்ததும் தில்லைநாதன் பேனையைக் கீழே வைத்தார். போனில் பேசியது அவருக்குக் கீழே வேலை செய்யும் தர்சிகா. மறுமுனையில் கொழும்புத் தனியார் பல்கலைக்கழகம். இரண்டு மடங்கு சம்பளம் தருவதாக அவர்கள் அவளுக்கு வலை வீசுவது கன்டீன் வரைக்கும் தெரிந்த கதை.

போச்சு! ஆறு வருடம் வளர்த்த பிள்ளை.

யாழ்ப்பாணத்தில் அந்த உயர்கல்வி நிறுவனத்தின் நிதி திரட்டும் பகுதிக்கு அவர்தான் தலைவர். ஆனால் நிதி திரட்டியதெல்லாம் அவள். அதை அவர் வாய்தவறிக்கூட யாரிடமும் சொன்னதில்லை.

அவள் வந்த முதல் மாதம் நினைவுக்கு வந்தது. நோர்வேயிலிருக்கும் பழைய மாணவர் நீக்கிலாப்பிள்ளையிடம் நன்கொடை கேள் என்றால், ஒரு மணித்தியாலம் அவருடைய ஊரான மயிலிட்டிக் கதை கதைத்துக்கொண்டிருந்தாள். "போன் காசு ஆர் கட்டிறது?" என்று தில்லைநாதன் எரிந்து விழுந்தார். அடுத்த ஞாயிறு அவள் ஸ்கூட்டியில் மயிலிட்டிக்கே போய், அலைச்சத்தம் அவருக்குக் கேட்கப் போனைக் கடலுக்கு நேரே பிடித்தாளாம். அந்தப் பக்கத்தில் மனுசன் விக்கி விக்கி அழுதாராம். புது ஆய்வுகூடம் அப்படித்தான் வந்தது. திறப்புவிழா மாலை மட்டும் தில்லைநாதன் கழுத்தில் விழுந்தது.

என்ன அருமையான நாட்கள்! பின்னேரம் நாலே கால் ஆனால் கதவால் எட்டிப் பார்த்து, "வாறன், சேர்" என்பாள். ஒருநாள் தப்பியதில்லை. இனி அந்தக் குரல் கேட்காது என்று நினைக்கவே அவருக்குக் கண் கலங்கியது.

மேசை லாச்சியை இழுத்துத் திறந்தார். அடியில் கிடந்த கடிதத்தை இழுத்தெடுத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டார்.

"இந்தா பிள்ளை, உன்ரை நிரந்தர நியமனம். கொழும்புக்குப் போகாதை."

"நான் எங்கை சேர் போறன்?"

"ஒளிக்காதை. 'அப்ப நான் வாறன்' எண்டு போனிலை சொன்னனி."

தர்சிகா சிரித்துவிட்டாள். "ஐயோ சேர்! கதைச்சு முடிஞ்சால் வாறன் எண்டுதானே போனை வைக்கிறது? எனக்கு வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டுத்தான் வைச்சனான். நீக்கிலாப்பிள்ளை ஐயாவையெல்லாம் ஆரிட்டை விட்டிட்டுப் போறது?"

தில்லைநாதனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவரும் சேர்ந்து சிரித்தார்.

அவள் கடிதத்தைப் பிரித்தாள். சிரிப்பு நின்றது.

"சேர், இதிலை திகதி மூண்டு வருசத்துக்கு முந்தினது."

"அது... நிரந்தரமானால் உன்னைப் பரீட்சைப் பகுதிக்கு மாத்திப்போடுவினம் எண்ட பயத்திலை... உன்னை விட மனமில்லாமல்..."

"வருசா வருசம் கேட்டனான். 'மேலிடம் இன்னும் தரேல்லை' எண்டனீங்கள். தற்காலிக வேலை எண்டு எனக்கு ரெண்டு கலியாணம் தட்டிப்போச்சுது. அதுவும் உங்களுக்குத் தெரியும்."

அவர் லாச்சியைத் தள்ளி மூடினார்.

தர்சிகா கடிதத்தை மடித்து மேசையில் வைத்தாள். கைப்பையை எடுத்தாள். கதவடியில் வழக்கம்போல ஒரு கணம் நின்றாள்.

"போறன், சேர்."