கோல் கொண்டாட்டம்

எதிரணி டிஃபெண்டரின் பட்டப்பெயர் நாறவாயன். காலைவிட வாய்தான் அவனுக்கு அதிகம் ஓடும். போன வருஷம் மோதியபோது, “உன் பொண்டாட்டி ஓடிட்டாளாமே?” என்று காதில் ஓதி, ஸ்ட்ரைக்கரைக் கை ஓங்க வைத்து, சிவப்பு அட்டை வாங்கிக் கொடுத்தவன். இருவரும் ஒரே தெருக்காரர்கள் வேறு.

“அப்பா, அம்மான்னு எதை வேணும்னாலும் இழுப்பான். காதுலயே வாங்காதே. சிரிச்சிட்டு ஆடு, புரியுதா?” என்றார் கோச், ஸ்ட்ரைக்கரிடம். எல்லோருடைய செல்போனையும் முதல் நாளே வாங்கிப் பூட்டியிருந்தார்.

ஆட்டம் தொடங்கியதும் நாறவாயன் வந்து ஒட்டிக்கொண்டான்.

“டேய், உங்கப்பா போயிட்டார்டா. வீட்டுக்குப் போ.”

ஸ்ட்ரைக்கர் சிரித்தான். “போன தடவை பொண்டாட்டி, இந்தத் தடவை அப்பாவா?”

“சத்தியமா சொல்றேன்டா!”

“துணைக்கு உங்கப்பாவையும் அனுப்பு.”

கடைசி நிமிடத்தில் ஸ்ட்ரைக்கர் கோல் போட்டான். ஓடி வந்து நாறவாயனின் காலடியில் மல்லாந்து விழுந்து, நெஞ்சில் கையைக் கட்டி, நாக்கைத் துருத்திக்கொண்டு பிணமாகக் கிடந்தான். அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது.

ஆட்டம் முடிந்து கைகொடுக்கும்போது நாறவாயனின் கண்கள் கலங்கியிருந்தன.

“தோத்ததுக்கெல்லாமா அழுவாங்க?” என்று அவன் கன்னத்தில் தட்டிவிட்டு வந்தான் ஸ்ட்ரைக்கர்.

உடைமாற்றும் அறையில் கோச் அவனைத் தனியே அழைத்து, செல்போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“உங்க வீட்ல இருந்து காலையிலேயே எனக்குப் போன் வந்துச்சுப்பா. அப்பா தவறிட்டாராம். ஜெயிச்சப்புறம் சொல்லிக்கலாம்னு நான்தான்...”

அவர் தலைக்கு மேலே இருந்த டிவியில், நாக்கைத் துருத்திக்கொண்டு அவன் மறுபடியும் மறுபடியும் செத்துக்கொண்டிருந்தான்.