ரெண்டு கதவுக் கார்

எழுபத்திரண்டு லட்சம் நியாயமா அநியாயமா என்று என் வீட்டு வாசலில் அரை மணி நேரமாகச் சண்டை.

நியாயம் என்றவர் பிரேம்குமார். சென்னையில் மூன்று துணிக்கடை வைத்திருக்கிறார். அநியாயம் என்றவர் அவருடைய மச்சான் அரிகிருஷ்ணன். பேச்சு முழுக்க பிரேம்குமார் வாங்கியிருக்கும் புதுக் காரைப் பற்றி.

நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். பிரேம்குமார் கைக்குட்டையால் இன்னொரு தடவை துடைத்தார், அப்படியும் உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தேன். சொம்பு வைத்த இடத்திலேயே இருந்தது.

போனில் காரின் படத்தைக் காட்டினார்கள். மொத்தமே இரண்டு கதவு. தரையோடு தரையாகக் கிடந்தது.

"பின்னால யாரு உக்காருவாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"ஆள் உக்கார முடியாதும்மா. பை வெக்கலாம்" என்றார் அரிகிருஷ்ணன்.

பை வைக்க எழுபத்திரண்டு லட்சம். நல்லா இருங்க சாமி.

அதே கம்பெனியின் நாலு கதவுக் கார் அறுபதுக்குக் கிடைக்கிறதாம். இரண்டு கதவைப் பிடுங்கிவிட்டுப் பன்னிரண்டு லட்சம் கூடக் கேட்பது பகல் கொள்ளை என்றார் மச்சான். நாலு நொடியில் நூறு கிலோமீட்டர் வேகம் பிடிக்கும், அதற்குத்தான் விலை என்றார் பிரேம்குமார். எங்கள் ஏரியா உப்பளத்திலிருந்து பஸ் ஸ்டாண்டு போவதற்குள் எத்தனை வேகத்தடை என்று எனக்குத் தெரியும்.

என் பெயர் அஞ்சலாட்சி. சந்து முனையில் இட்லிக் கடை போடுகிறேன். உள்ளே கட்டிலில் கிடப்பது என் வீட்டுக்காரர் தணிகாசலம். இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்குக் கதிர்காமம் கவர்மென்ட் ஆஸ்பத்திரி. ஆட்டோவுக்கே கையைக் கடிக்கிறது. மற்ற செலவெல்லாம் சிவப்பு ரேஷன் அட்டையின் புண்ணியத்தில் ஓடுகிறது. எங்கள் ஊரில் ஏழைக்குச் சிவப்பு அட்டை, வசதியானவர்களுக்கு மஞ்சள். சிவப்பு போனால் அவரும் போய்விடுவார். அந்தப் பயம்தான் எனக்கு ராத்திரி பகல்.

ஆட்டோக் காசுக்காகத்தான் புரோக்கர் கலைவாணனிடம் தலையாட்டினேன். எங்கள் ஊரில் கார் வரி கம்மி. வெளியூர்ப் பணக்காரர்கள் வரி மிச்சம் பிடிக்க எங்கள் ஊர் விலாசத்தில் கார் பதிவு செய்வார்கள். விலாசம் பிடித்துக் கொடுப்பது அவன் பிழைப்பு. நான் ஐயாயிரம் கேட்டேன். ஒரு கையெழுத்துக்கு இவ்வளவா என்று பிரேம்குமார் இரண்டாயிரத்தில் நிறுத்தினார். கார் கம்பெனியிடம் ஒரு ரூபாய் குறைக்க முடியாதவர் என்னிடம் ஜெயித்துவிட்டார்.

பிரேம்குமார் என் கூடப்பிறந்த தம்பி, பத்து வருஷமாக இதே வீட்டில் ஒரே அடுப்பில் சாப்பிடுகிறார் என்று கலைவாணன் கொண்டுவந்த பத்திரத்தில் எழுதியிருந்தது. படிக்காமல் ஒன்றும் போடவில்லை. படித்து, சிரித்து, அப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன்.

விலாசத்தைச் சரிபார்க்க வண்டி ஆபீசர் வருகிறார் என்று இன்றைக்கு இவர்களைக் கொண்டுவந்து நிறுத்தியவனும் கலைவாணன்தான். பிரேம்குமாரின் கடைச் சட்டை ஒன்றை, குடியிருக்கிற ஆள் மாதிரி தெரியட்டும் என்று, கொடியில் என் வீட்டுக்காரர் லுங்கிக்குப் பக்கத்தில் மாட்டினான். விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. நான்தான் கிழித்தேன்.

"ஆபீசர் வந்தா சாரே பேசட்டும். நீ வாயத் தொறக்காதக்கா" என்று சொல்லிவிட்டு, ஆபீசரை அழைத்து வர மெயின் ரோட்டுக்குப் போனான். எங்கள் சந்தில் எதிரும் புதிருமாக இரண்டு சைக்கிள் வந்தால் ஒருவர் இறங்கித்தான் ஆகவேண்டும். அந்தக் கார் இந்த விலாசத்துக்கு ஒருநாளும் வந்து சேராது.

சண்டை ஒருவழியாக அறுபத்தைந்தில் வந்து நின்றது. அதுதான் நியாய விலை என்று மாமனும் மச்சானும் ஒத்துக்கொண்டார்கள். கம்பெனிக்குத்தான் விஷயம் தெரியாது.

அப்போது ஒருவர் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் பெரிய போன் மாதிரி ஒன்று. கூடக் கலைவாணன் இல்லை.

"அஞ்சலாட்சி வீடு இதானே? வீட்ல எத்தினி பேரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் பிரேம்குமார் முந்திக்கொண்டார். மனப்பாடம் செய்ததை ஒரே மூச்சில் ஒப்பித்தார். தம்பி, பத்து வருஷம், ஒரே அடுப்பு. மச்சான் பத்திரத்தை நீட்டினார்.

வந்தவர் கொடியில் தொங்கிய சட்டையைப் பார்த்தார். என் ஆஸ்பெஸ்டாஸ் கூரையையும் பார்த்தார்.

"கார் இருக்கா?"

"எழுபத்திரண்டு லட்சம் சார்" என்று நெஞ்சை நிமிர்த்தினார் பிரேம்குமார். அதிகப்படி ஏழு லட்சம் எப்போது நியாயமாகிப் போனது என்று தெரியவில்லை. பிறகு என்னைக் காட்டி, "எங்க அக்கா சார்" என்றார். அதுவரை நான் அவருக்கு 'இந்தாம்மா'தான்.

வந்தவர் எல்லாவற்றையும் அந்தப் பெரிய போனில் தட்டிவிட்டு ரேஷன் அட்டையைக் கேட்டார். விலாசத்துக்கு அத்தாட்சி என்று பிரேம்குமார் எனக்குக் கண்ணைக் காட்டினார். ஆணியில் மாட்டியிருந்த பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

அதை அவர் தன் பையில் வைத்துக்கொண்டார்.

"கார் இருக்கிற வீட்டுக்குச் செவப்பு கெடையாது. இனிமே ஒங்களுக்கு மஞ்ச கார்டுதாம்மா."

இந்த ஆள் யாரோ, என் தம்பி இல்லை என்று கத்த வந்தது. பத்திரம் மச்சான் கையில் விரிந்தே இருந்தது. அதில் என் கையெழுத்து.

ரேஷன் ஆபீஸ்காரர் சந்தின் அந்த முனையில் திரும்பினார். இந்த முனையிலிருந்து கலைவாணன் வந்தான். பின்னால், காக்கிச் சட்டையில் வண்டி ஆபீசர்.

பிரேம்குமார் காலரைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் "எங்க அக்கா சார்" என்று ஆரம்பித்தார்.

நான் கொடியிலிருந்து அவர் சட்டையை உருவினேன்.