பங்காளித் தகராறு

“நாளைக்கே விசாரணை வைக்கணும்க்கா. இனிமே ஒரு நாள்கூட என்னால தாங்க முடியாது.”

வெல்டர் புகார்த் தாளை மேஜைமேல் வைத்தான். இந்த மாதத்தில் இது மூன்றாவது. அந்தக் கோழிக்கிறுக்கலைப் பார்த்ததுமே குடியிருப்பு அதிகாரிக்குத் தலை வலித்தது. நானூறு அறைகளின் சாவியும் அவளிடம் இருந்ததால், ஊருக்கே அவள் சாவிக்கார அக்கா.

எண்ணெய் கிடைத்த ஒன்றரை வருஷத்தில் ஊர் பத்து மடங்கு வீங்கிவிட்டது. புதுக் கட்டடங்களில் சுவர் காய்வதற்குள் ஆட்கள் குடியேறிவிடுகிறார்கள். அதனால் கம்பெனி ஒரு வழி கண்டுபிடித்தது. ஒரு அறை, ஒரு கட்டில், இரண்டு பேர். ஒருவருக்குப் பகல் வேலை, மற்றவருக்கு ராத்திரி வேலை. கட்டில் ஆறுவதற்குள் ஆள் மாறும். பதிவேட்டில் பெயர்கூடக் கிடையாது, பணியாளர் எண் மட்டும்தான். இப்படி அறையைப் பங்கு போட்டவர்களுக்கு ஊர் வைத்த பெயர், பங்காளி.

“இந்தத் தடவை என்னப்பா?”

“ஈரத் துண்டுக்கா. கட்டில்மேலயே கிடக்குது.”

“என் வீட்டுக்காரரும் அப்படித்தான். ராத்திரி டேங்கர் ஓட்டுறாரு. ஆளைப் பார்த்துப் பத்து நாளாச்சு, துண்டை மட்டும் தினமும் பார்க்கறேன். நான் யார்கிட்டப் போய்ப் புகார் கொடுக்கிறது?”

வெல்டர் சிரிக்கவில்லை. அடுக்கிக்கொண்டே போனான். பங்காளி தலையணையை இரண்டாக மடித்துவிடுகிறார். பிளாஸ்கில் டீ போட்டு வைத்துவிட்டுப் போகிறார், அதில் சர்க்கரை அதிகம். சுவரில் சீட்டு ஒட்டுகிறார். அதைப் படித்தால் தூக்கம் போய்விடுகிறது.

“சீட்டுல அப்படி என்ன எழுதியிருக்கு?”

“அதையெல்லாம் வாயால சொல்ல முடியாதுக்கா.”

கெட்ட வார்த்தை போலிருக்கிறது என்று அதிகாரி நினைத்துக்கொண்டாள்.

பங்காளியும் லேசுப்பட்ட ஆள் இல்லை. அந்தப் பக்கத்திலிருந்தும் நேற்று ஒரு புகார் வந்திருந்தது. அதிகாரி அதை எடுத்துப் படித்தாள். “‘எழுந்ததும் படுக்கையை உதறி விரித்துவிட்டுப் போகிறார். நான் வரும்போது கட்டில் சில்லென்று கிடக்கிறது. இனி உதறக் கூடாது.’ சுத்தமா வெச்சதுக்கு ஒரு புகாரா? என் சர்வீஸ்ல இப்படி ஒரு சண்டையை நான் பார்த்ததே இல்ல.”

“அப்படியா எழுதியிருக்காங்க?” வெல்டர் எட்டிப் பார்த்தான். அவன் காது இரண்டும் சிவந்துபோயின. கோபம் தலைக்கேறிவிட்டது என்று அதிகாரி புரிந்துகொண்டாள்.

“பேசாம வேற பங்காளியை மாத்திக் கொடுத்துடறேன்.”

வெல்டர் பதறிப்போய் எழுந்துவிட்டான். “வேண்டாம்க்கா. இவங்களையே நேருக்கு நேரா பார்த்துப் பேசணும். ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும்.”

அந்த ஊரில் லீவு என்பது குதிரைக்கொம்பு. பெற்ற அப்பா செத்தால்கூட அரை நாள்தான். ஆனால் போன வருஷம் கட்டில் சண்டையில் ஒருவன் மண்டை உடைந்ததும், கம்பெனி ஏழாம் விதி என்று ஒன்றைப் போட்டது. ஒரே ஆள் மூன்று புகார் கொடுத்தால் விசாரணை: பங்காளிகள் இருவருக்கும் ஒரே நாளில் சம்பளத்தோடு லீவு. அறைக்குள் ஒன்றாக உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொண்டு, மறுநாள் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம் என்றாள் அதிகாரி. வெல்டர் மசியவில்லை. நாளையை விட்டால் பிரயோஜனமே இல்லை என்று ஒற்றைக்காலில் நின்றான். சொல்லும்போதே குரல் கம்மிவிட்டது. இவ்வளவு பெரிய ஆள் ஒரு ஈரத் துண்டுக்காக அழுதுவிடுவானோ என்று பயந்து, அவள் முத்திரையைக் குத்தினாள்.

“நாளைக்குக் காலைல ஆறு மணியிலேருந்து. அடிதடி ஆகக் கூடாது, சொல்லிட்டேன்.”

“ஆகாதுக்கா.” வாசல்வரை போனவன் திரும்பினான். “ஒரு நாள்ல தீரலேன்னா?”

“இன்னொரு நாள் தருவேன். தீர்ற வரைக்கும் ரெண்டு பேரும் உள்ளேயே கிடங்க.”

அவன் இரண்டிரண்டு படிகளாகத் தாவி இறங்குகிற சத்தம் கேட்டது.

பங்காளிக்கு நோட்டீஸ் அனுப்ப, அதிகாரி அலமாரியில் அந்த எண்ணைத் தேடிக் கோப்பை எடுத்தாள். ‘அவசரத்துக்குத் தகவல் சொல்ல வேண்டியவர்’ என்ற இடத்தில் வெல்டரின் பணியாளர் எண் இருந்தது. உறவுமுறை: கணவர். திருமண நாள்: போன வருஷம், நாளைய தேதி.

அவள் கோப்பை மெதுவாக மூடினாள். நோட்டீஸில் ‘ஒரு நாள்’ என்றிருந்ததை அடித்து ‘மூன்று நாள்’ என்று திருத்தினாள். பிறகு டிராயரிலிருந்து புதிதாக மூன்று புகார்த் தாள்களை எடுத்து, முதல் தாளில் எழுத ஆரம்பித்தாள்: ‘என் பங்காளி ஈரத் துண்டைக் கட்டில்மேலேயே போடுகிறார்...’