பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில்

"மூணு கடை ஏறி இறங்கிட்டேன்மா. மூணு பேரும் அதே இடத்துலதான் தடுக்கி விழறானுங்க. ஒருத்தன் மாப்பிள்ளையைத் தலைகீழா நிக்க வெச்சுக் குடுத்தான்."

சிரிக்காமல் சொல்லிவிட்டு, துராத்பெக் சட்டையின் உள்பையிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்து அவிழ்த்தார். தபால்தலை அளவுக்கு ஒரு மெமரி கார்டு.

கரகோல் நகரச் சந்தையின் மாடியில், தையல்கடையை ஒட்டி இருந்தது ஜிபாரின் கடை. பழைய வீடியோ கேமராக்களில் எடுத்ததை இன்றைய டிவியிலும் கணினியிலும் ஓடும்படி மாற்றித் தருவது அவள் தொழில்.

பத்து வருஷத்துக்கு முந்தைய கல்யாணம். அவர் மகள் புருலாயுடையது. வியாழக்கிழமை நீதிமன்றத்தில் போட்டுக் காட்ட வேண்டுமாம்.

தேநீர் குடிப்பதற்கு நடுவே விஷயத்தைத் துண்டு துண்டாகச் சொன்னார். புருலாய் கணவனை விட்டு வந்துவிட்டாள். பெண் குழந்தையை அந்த வீட்டார் விடவில்லை. இந்தக் கல்யாணத்துக்கு நான் சம்மதிக்கவே இல்லை என்கிறாள் இவள். அன்றைக்குப் போட்ட கல்யாண டிஸ்கிலோ, அவளே வாய் திறந்து 'சம்மதம்' என்கிறாள். சொன்ன கையோடு படம் ஒரு குதி குதிக்கிறது.

"அந்தக் குதிப்பு இருக்கக் கூடாதும்மா. பாத்த பிறகு ஒருத்தனும் வாயைத் திறக்கக் கூடாது."

ஜிபாருக்குப் புரிந்துவிட்டது. பெற்ற மகளையே பொய்க்காரி ஆக்கப் புறப்பட்டிருக்கிறார் மனுஷன். இப்படிப்பட்ட அப்பாக்கள் அவளுக்குப் புதிதல்ல. எதிரே உட்கார்ந்திருந்தவரின் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் கார்டைச் செருகினாள்.

அந்தக் காலத்துக் கேமரா நீளமான படத்தை ஒரே கோப்பாக வைக்காது. ஓர் அளவு நிரம்பியதும் வெட்டி, அடுத்த எண்ணில் புதுக் கோப்பு தொடங்கும். யார் என்ன பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று அதற்கென்ன தெரியும்?

துண்டுகளை முதலில் அப்படியே சேர்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் மாற்ற வேண்டும். தனித்தனியே மாற்றி அப்புறம் ஒட்டினால் ஓரத்தில் அரை நொடி உதிர்ந்துபோகும்.

அன்றைக்கு டிஸ்க் போட்டவனும் அந்த மூன்று கடைக்காரர்களும் அப்படித்தான் ஒட்டியிருந்தார்கள்.

குதிப்பு விழுந்த இடம் பதினொன்றாம் கோப்பின் முடிவு. அவள் அதையும் பன்னிரண்டாம் கோப்பையும் சேர்த்தாள். கை அசைகிற இடங்களில் சீப்புப் பல் மாதிரி கோடுகள் ஓடின. அவற்றையும் நீக்கினாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓடவிட்டாள்.

திரைச்சீலைக்குப் பின்னால், வெள்ளை முக்காடு போட்ட பெண். சுற்றிலும் பெண்கள், சலசலப்பு. அடுத்த அறையிலிருந்து முல்லா கேட்கிறார், சம்மதமா?

"சம்மதம்…"

ஒரு மூச்சு.

"இல்ல."

முணுமுணுப்புதான். சுற்றி இருந்தவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கேமரா ஒரு முழத் தூரத்தில் இருந்ததால் அதில் விழுந்திருக்கிறது.

ஜிபார் நிறுத்தினாள். மறுபடி ஓட்டினாள். அதே சொல்.

இதைக் கேட்டதும் அவர் கார்டை வாங்கி இரண்டாக ஒடித்துப் போட்டால்? அந்தப் பெண் சொல்வதற்கு இருக்கிற ஒரே சாட்சி இது.

சத்தமில்லாமல் கார்டிலிருந்த அத்தனையையும் தன் கணினியில் படி எடுத்தாள். கடைசிக் கோப்பு இறங்கும்வரை, கார்டு பழசு, மெதுவாகத்தான் வரும் என்று கதை விட்டாள்.

பிறகு ஹெட்போனைப் பிடுங்கினாள். ஸ்பீக்கரில் கேட்டது, சம்மதம், இல்ல.

துராத்பெக் திடுக்கிடவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். அவள் கை தன்னால் பொத்தானுக்குப் போனது.

"நிறுத்தாதேம்மா. இன்னும் இருக்கு."

அந்த 'இல்ல'வின் வாலைப் பிடித்தாற்போல, கேமராவுக்கு மிக அருகிலிருந்து ஓர் ஆண்குரல், அடுத்த அறைக்குக் கேட்கும்படி கத்தியது.

"சம்மதம் சொல்லிட்டா!"

அங்கே ஒரே ஆரவாரம். படம் ஆடியது. முக்காடு, சீலை, கம்பளம் என்று சரிந்து, கம்பளத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது.

பத்து வயது குறைந்த குரல். ஆனாலும் அந்தக் கரகரப்பை ஜிபார் ஒரு மணி நேரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"கேமரா என் கையிலதான் இருந்துச்சு," என்றார் துராத்பெக். "விருந்துக்குக் குதிரை அறுத்தாச்சு. ஊரே வந்து உக்காந்திருக்கு. இல்லன்னுட்டாளேன்னு எப்படிப் போய்ச் சொல்ல?"

ஜிபார் படத்தை நிறுத்தினாள். அவர் தொடர்ந்தார்.

"டிஸ்க் வந்தப்ப அந்த வார்த்தை அதுல இல்ல, நான் கத்துனது மட்டும் இருந்துச்சு. தப்பிச்சேன்னு நெனச்சேன். அப்புறம் அதையே போட்டுப் போட்டுப் பாத்து, அவ சொல்லவே இல்லைன்னு நானும் நம்பிட்டேன். மாப்பிள்ளை வீட்டான் கோர்ட்ல அந்த டிஸ்கைப் போட்டுச் சிரிக்கிற வரைக்கும்." கைக்குட்டையை மடித்தார். "நீதிபதிக்கு ஒண்ணு போட்டுக் குடும்மா. அந்த வார்த்தை தெளிவாக் கேக்கணும். என் குரலும்."

ஜிபாருக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"உங்க காதுல விழுந்துச்சுன்னு மகளுக்குத் தெரியுமா, ஐயா?"

"என் முகத்தைப் பாத்துத்தான் சொன்னா."

வெளியே தையல் இயந்திரம் ஓடி நின்றது.

"போன வாரம் கோர்ட்ல மாப்பிள்ளை வீட்டு வக்கீல் அவளைத் துருவித் துருவிக் கேட்டாரு, நீ சம்மதிக்கலைன்னா உங்கப்பா ஏன் அப்படிக் கத்துனாருன்னு. எங்கப்பாவுக்கு அப்பவே காது கொஞ்சம் மந்தம்னு சொல்லிட்டா."