பூஞ்சை லென்ஸின் கண்

பழைய கேமராக் கடை அலமாரியில் ஆட்களின் முகத்தைப் போர்ட்ரெய்ட் எடுக்கிற இரண்டு லென்ஸ்கள் வெகுநாளாகக் குடியிருந்தன. ஒன்று படு கூர்மை. மற்றதற்குள் லேசாகப் பூஞ்சை பிடித்திருந்தது.

"என் கண்ணுக்கு ஒரு இமைமுடி தப்பாது. உன்னை யாரு சீந்துவா?" என்றது கூர்மையானது. பூஞ்சை லென்ஸுக்கும் அந்தக் கவலைதான்.

ஒருநாள் போட்டோகிராபர் மெஹருன்னிசா வந்தாள். இரண்டையும் சோதித்துப் பார்க்கக் கடைக்காரர் அந்தோணியையே நிற்கவைத்தாள். கூர்மையான லென்ஸின் முன்னால் அவர் பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிற்பதுபோல் விறைத்து நின்றார். அடுத்ததை மாட்டியதும், "ஐயோ, அது பூஞ்சை பிடிச்சதும்மா, அதுல என்னத்த தெரியப்போவுது!" என்று வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அந்த நொடியில் அவள் கிளிக் செய்தாள்.

இரண்டு படங்களையும் பார்த்தவள், "இதுதாங்க வேணும். முகத்துல உயிரையே கொண்டுவருது" என்று பூஞ்சை லென்ஸை எடுத்துக்கொண்டாள்.

"என்னடா செஞ்சே?" என்றது கூர்மையானது, அலமாரியிலிருந்து.

"நான் ஒண்ணும் செய்யல. அவரு சிரிச்சாரு" என்றது அது, உள்ளபடியே.

மெஹருன்னிசா பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர்வதற்குள், அவள் தோள்பைக்குள் இருந்த ஃபிளாஷ் விளக்கிடம் அது சொல்லிக்கொண்டிருந்தது: "முகத்துல உயிரைக் கொண்டுவர்றதுன்னா சும்மா இல்ல, தம்பி. அதுக்குன்னு ஒரு கண்ணு வேணும்."