கங்காதரன் சாரின் குறுக்கு விசாரணை

“இன்னாத்துக்கு புஷ்பா அந்த ஆளு நம்ம பொண்ணை இப்படி அதட்டுறான்?”

கதவோரம் நின்றிருந்த ஜெகநாதன் மனைவியிடம் கிசுகிசுத்தார்.

“சும்மா இருங்க. மீட்டிங் நடந்துகினு இருக்குது.”

ஆடிக் கிருத்திகைக்காகத் திருத்தணி வந்திருந்த மகள் தேவயானி, உள்ளே லேப்டாப் முன் வியர்த்துக்கொண்டிருந்தாள். சூரியத் தொலைநோக்கி ஒன்றுக்கு அவள் வடிவமைத்த அகச்சிவப்பு நிறமாலைமானியை பெங்களூர் கமிட்டி அலசிக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாத சூரிய ஒளியைப் பிரித்துப் படிக்கும் கருவி. அதைக் கட்டும் பொறுப்பு யாருக்கு என்று இன்றைக்கு முடிவாகும்.

“இதெல்லாம் கங்காதரன் சாரோட வழிகாட்டுதல்...” என்று தயங்கித் தொடங்கினாள்.

“அந்தப் பேச்சே வேண்டாம்.” வெட்டினார் அவளுடைய ஆய்வுக்குழுத் தலைவர் கங்காதரன். “சூரியனே அவ்வளவு சூடு. கருவியை எதுக்கு ஐஸ் மாதிரி குளிர வைக்கணும்?”

“கருவியோட சூடும் அகச்சிவப்பில் வெளிச்சமாத் தெரியும் சார். அதையும் சூரியன்னு நினைச்சுப் படிச்சிடும்.”

“உள்ளே கறுப்பு பூசினா போதாதா?”

“சாதாரணக் கறுப்பு கண்ணுக்குத்தான் கறுப்பு சார். அகச்சிவப்பில் பளபளக்கும். அதான் பூச்சை மாத்தியிருக்கேன்.”

கேள்வி மேல் கேள்வி. எல்லாம் அவரே கேட்டார்.

ஜெகநாதனுக்கு இங்கிலீஷ் புரியவில்லை. அதட்டல் புரிந்தது.

“நாலு பேர் எதிர்ல மானத்தை வாங்குறான். இந்த வேலையே வேணாம். வந்து நம்ம வேர்க்கடலையைப் பாத்துகினு இருக்கட்டும்.”

“ஆங், நீங்க பாத்துக் கிழிச்சது போதாதா?”

கதவு திறந்தது. தேவயானியின் கண் கலங்கியிருந்தது.

“அழுவாதம்மா...”

“இல்ல நைனா. கருவியைக் கட்டுற பொறுப்பு எனக்குத்தானாம்!”

கையிலிருந்த செல்போன் அடித்தது. கங்காதரன். ஜெகநாதன் அதைப் பிடுங்கினார்.

“நான் தேவயானி அப்பா பேசறேன். பொறுப்பைக் குடுக்கறவரு எதுக்குங்க அந்த மிரட்டு மிரட்டினீங்க? என் பொண்ணு வாயில்லாப் பூச்சிங்க!”

“அதாங்க சிக்கலே,” கங்காதரன் தமிழில் சிரித்தார். “டிசைன் என்னோடதுன்னே கமிட்டி நம்பிட்டிருந்தாங்க. நான் இல்லைன்னு சொன்னா, தன்னடக்கம்னாங்க.”

“அதுக்கு?”

“அதான், அவ வாயாலேயே பதில் வரட்டும்னு அத்தனையும் கேட்டேன். எல்லாமே முன்னாடி எனக்குத் தெரியாம, உங்க பொண்ணுகிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதுங்க.”