ஒற்றை ஷூ

லட்சுமணசாமி ஒன்றரை மணி கூட்டினார். கூட்டியிருக்க வேண்டியது இரண்டரை. தப்பு அவ்வளவுதான். கப்பல் சங்கு ஊதிவிட்டது.

அவர் கையில் ஓடியது கோயம்புத்தூர் மணி. மில் சங்கோடு சரிபார்த்து வைத்த வாட்ச். எந்த நாட்டுக்குப் போனாலும் அதைத் திருக மாட்டார். மனசுக்குள் கூட்டிக்கொள்வார்.

சிங்கப்பூரில் கப்பல் ஏறும்போதே காளிச்சாமி படித்துப் படித்துச் சொன்னான். ஆர்.எஸ்.புரத்தில் டிராவல்ஸ் வைத்திருப்பவன். இருபது பேரைக் கூட்டி வந்தவன்.

"அய்யா, தாய்லாந்துல எறங்குனா கரை மணி வேற, கப்பல் மணி அதுக்கு ஒரு மணி நேரம் முந்தி ஓடுமுங்க. நமக்குக் கப்பல் மணிதான். மறந்துறாதீங்க."

"தெரியும் போ."

தெரியவில்லை.

அவர் மனசு அப்போது வேறு எங்கோ இருந்தது. தொண்ணூற்றொன்பது ஜூன் மாதம். கார்கிலில் சண்டை. மாப்பிள்ளை விமானப்படை. சூலூரிலிருந்து வடக்கே அனுப்பிவிட்டார்கள். பயணமே வேண்டாம் என்றார் லட்சுமணசாமி. மகள் பிரீத்திகாதான், "டிக்கெட் எடுத்தாச்சுங்கப்பா, போய்ட்டு வாங்க" என்று தள்ளிவிட்டாள்.

கப்பலில் முதல் நாளே வயிறு எரிந்தது. சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார வைத்தது ஒரு கராச்சிக்காரனை. நாற்பது வயது இருக்கும். பேரைச் சொல்லிக் கையை நீட்டினான். இவர் தட்டைப் பார்த்தார்.

"ஏனுங்க, மலை மேல நின்னு சுடறது இவருங்களா?" என்றாள் மனைவி வெங்கடம்மாள்.

"எல்லாம் ஒண்ணுதான். வாயை மூடிட்டுச் சாப்புடு."

அவள் மூடிக்கொண்டாள். ஆனால் மாவடு பாட்டிலை எதிர்ப்பக்கம் நகர்த்தினாள். அதற்கு ஒரு முறைப்பு வாங்கினாள்.

தாய்லாந்துக் கரையில் இறங்கியதும் அவளுக்கு முழங்கால் வலி. கூட்டத்தோடு வேனில் முன்னாலேயே கப்பலுக்குத் திரும்பிவிட்டாள். இவர் மட்டும் டெலிபோன் பூத்தில் வரிசையில் நின்றார். ரொம்ப நேரம் கழித்து லைன் கிடைத்தது.

"அப்பா! நேத்து அவரு பேசுனாருங்க! நல்லா இருக்கறாருங்களாமா!"

"சோறு?"

"நேரத்துக்குக் கெடைக்குதாமா. சளி மட்டும் புடிச்சிருக்குதாம்."

"மஃப்ளர் கட்டச் சொல்லு."

வைத்துவிட்டார். வெளியே வந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டு இளநீர் குடித்தார். வாட்ச்சைப் பார்த்து ஒன்றரையைக் கூட்டினார். இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. நடந்தே போகலாம்.

அப்போதுதான் சங்கு. துறைமுக வாசலைத் தாண்டும்போது மேல் தளத்திலிருந்து காளிச்சாமி கத்துவது கேட்டது.

"அய்யா! ஓடியாங்கய்யா! எடுக்கப் போறாங்க!"

பாஸ்போர்ட் கப்பலில். துணிமணி கப்பலில். தமிழும் தெலுங்கும் தவிர வேறு பேசத் தெரியாத பெண்டாட்டி கப்பலில். லட்சுமணசாமி வேட்டியை மடித்துக் கட்டினார். அறுபத்திரண்டு வயசில் ஓடினார்.

கயிற்றையெல்லாம் அவிழ்க்கத் தயாராக ஆட்கள் நின்றார்கள். ஆனால் ஏணியை இன்னும் தூக்கவில்லை. தூக்க முடியவில்லை. அதன் கடைசிப் படியில் கராச்சிக்காரன் உட்கார்ந்திருந்தான். ஒரு காலில் ஷூ. இன்னொரு காலில் வெறும் சாக்ஸ்.

"மை ஷூ! ஐ வான்ட் மை ஷூ!"

கப்பல் அதிகாரிகள் மூன்று பேர் சுற்றி நின்று கத்தினார்கள். ஒருத்தன் நீளக் கழியை விட்டுத் தண்ணீரைத் துழாவிக்கொண்டிருந்தான். மேலே ஆயிரம் பேர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். ஒரே சிரிப்பு, விசில்.

லட்சுமணசாமிக்கு மூச்சு வாங்கியது. அவனை ஒதுக்கிவிட்டு ஏறினார்.

"ஒரு செருப்புக்கு என்ன அழிச்சாட்டியம்" என்று முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்.

மேலே வந்து திரும்பிப் பார்த்தார். கராச்சிக்காரன் எழுந்து பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டு நொண்டி நொண்டி ஏறி வந்தான். ஷூ கிடைக்கவில்லை. அதைப் பற்றி அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. முகம் சிவந்த அதிகாரி விரலை ஆட்டி அவனை அதட்டினான். அடுத்த துறைமுகத்தில் கரை இறங்கக் கூடாதாம்.

காளிச்சாமி ஓடி வந்தான்.

"நான் மேல கேப்டன் காலைப் புடிக்காத கொறைங்கய்யா. அஞ்சு நிமிசம் தர மாட்டேன்னுட்டான். கீழ வந்து பாத்தா இந்தாளு அரை மணியா மறிச்சுட்டு உக்காந்திருக்கறான்! நம்ம நல்ல நேரம்."

"நல்ல நேரமா? இவனுகளுக்குப் போற எடமெல்லாம் வம்பு. அடுத்த ஊர்ல எறங்க உடாதது செரிதான். நல்லா வேணும்."

வெங்கடம்மாள் அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அழுத கண்ணோடு சிரித்தாள்.

"என்ன சிரிப்பு? ஷூ தண்ணியில உழுந்ததுக்கா?"

"அது தானா உழுகலைங்க. உங்களைக் காணோம்னு நான் அழுதுட்டு நின்னேன், அவங்க ஏணியைத் தூக்கப் போனாங்க. அதைப் பாத்துப்போட்டுக் கடகடன்னு கீழ எறங்கி, தன் ஷூவைத் தானே கழட்டித் தண்ணிக்குள்ள வீசிட்டு, நீங்க வார வரைக்கும் நகர மாட்டேன்னு உக்காந்துக்கிட்டாருங்க, நம்ம உவைஸ் தம்பி."